சீக்காளிக்கு வைத்த பால்

"சீக்காளிக்கு வச்ச பாலைக் குடிச்ச களவாணி எவம்ல? தைரியம் இருந்தா வெளிய வால!"

வானமாமலை போட்ட சத்தத்தில் மும்பை தாராவியில் இருந்த அந்தச் சாலின், அந்த ஒண்டிக்குடித்தன வரிசையின், பதினாறு கதவுகளும் திறந்தன.

பழைய இரும்பு வியாபாரி. பத்து ரூபாய் சொன்னால் மூன்றுக்குக் கேட்டு நாலுக்கு முடிக்கிற ஆள். அவர் பேரம் பேசாமல் வாங்கும் ஒரே சரக்கு, பத்து நாளாக நிமோனியாவில் கிடக்கும் மனைவி சண்முகவடிவுக்கான எருமைப்பால்.

"டாக்டர் குடுத்த கேப்ஸ்யூல் உடம்புக்குச் சூடு. பாலோட முழுங்குன்னு நாலு வேளைக்கும் ஊத்தி வச்சிட்டுப் போறேன். இன்னைக்குக் கடையில இருந்து பாதியில வந்தா டம்ளர் காலி! வாசல் வரைக்கும் பால் சொட்டிக் கெடக்கு. இவ உதட்டுல ஈரமே இல்ல!"

"போதும், விடுங்க" என்றாள் கட்டிலில் கிடந்த சண்முகவடிவு.

"நீ சும்மா கெட! நீ போயிட்டா எனக்கு ஆரு இருக்கா?"

குரல் உடைந்தது. அதை மறைக்க இன்னும் உரக்கக் கத்தினார். கண் மட்டும் பக்கத்து வீட்டு வாசலில் நின்றது. குழாயடிச் சண்டையில் ஆறு மாதமாக அந்த வீட்டோடு பேச்சில்லை. நிறைமாத வயிற்றோடு ஆறுமுகத்தாய் அங்கே தலை குனிந்து நின்றாள்.

அந்த நேரம் பார்த்து மாட்டுங்காவிலிருந்து டாக்டர் சந்திரமௌலி வந்து சேர்ந்தார். தெர்மாமீட்டர் வைத்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"நார்மல்! பொழைச்சுட்டா. இன்னும் அஞ்சு நாள் கேப்ஸ்யூல் போதும்."

வானமாமலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாம் பால் குடுத்த தெம்பு, டாக்டரையா. ஒவ்வொரு கேப்ஸ்யூலுக்கும் ஒரு டம்ளர்..."

"என்னது, பாலோடயா?" டாக்டர் பதறினார். "கூடாதுன்னு அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நீர் எங்கே கேட்டீர்? கம்பவுண்டரோட விலை பேசிண்டிருந்தீர். பால்ல இருக்கிற சுண்ணாம்புச் சத்து, இந்த மருந்தை வயித்துக்குள்ளேயே கட்டிப் போட்டுடும். குடல் உறிஞ்சினாத்தானே ரத்தத்துல சேரும்? முழுங்கினது அப்படியே வெளியே போயிடும். அப்புறம் எப்படிக் காய்ச்சல் இறங்கித்து?"

சண்முகவடிவு மெல்ல வாயைத் திறந்தாள்.

"நான் ஒரு மடக்குகூடக் குடிக்கல. தண்ணியிலதான் முழுங்கினேன். மாசமா இருக்கவ வெறும் டீயைக் குடிச்சிட்டு நாள் பூரா அப்பளம் தேய்க்கா. மனசு கேக்கல. மாட்டேன்னவளை நான்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடுத்தேன். உங்களுக்குப் பயந்து சொல்லல."



வானமாமலை எழுந்து பக்கத்து வாசலுக்குப் போனார். ஆறுமுகத்தாய் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"ஏ ஆறுமுகத்தா!"

அதே சத்தம். பதினாறு வீட்டுக்கும் கேட்டது.

"இன்னும் அஞ்சு நாள் மருந்து இருக்குன்னு டாக்டரு சொன்னது காதுல விழுந்துச்சுல்ல? நாலு வேளையும் வந்து பாலைக் குடிச்சிட்டுத்தான் மறுவேலை பாக்கணும். ஒரு சொட்டு மிச்சம் வச்சே... நான் பொல்லாதவனாயிருவேன், ஆமா!"