செவ்வாயில் டிகிரி காபி

மயிலாப்பூர் வீட்டின் மத்தியான வெயில் கட்டில் வரை வந்து நிற்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சே வராத அண்ணன் பரத்வாஜுக்கு, வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்த பழைய ராக்கெட் தொடர்கதையை ஹம்சா உரக்கப் படிக்கிறாள். செவ்வாயில் இறங்கிய கதாநாயகன் ஜன்னலைத் திறந்து காற்று வாங்குகிறான். "அண்ணா, இந்த எடம் வந்தா சிரிச்சுண்டே சண்டைக்கு வருவியே! அங்க ஏது காத்துன்னு கேளேன்." அவர் கண் மின்விசிறியை விட்டு நகரவில்லை. வரிக்கு வரி மனப்பாடமாக வைத்திருந்தவர். ஒரு வார்த்தை மாற்றினாலும் பொறுக்கமாட்டார். "அங்கே அவனுக்கு டிகிரி காபி கிடைத்தது," என்று அவளாகவே சேர்த்துப் படிக்கிறாள். ஓரக்கண்ணால் அவர் முகத்தைப் பார்க்கிறாள். "அடையும் அவியலும் கூடத்தான் கெடச்சுது. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லேண்ணா!" பக்கம் முடிந்தும் திருப்பாமல், செவ்வாயில் மழையை, கடலை, கபாலி கோவில் தெப்பத்தை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே போகிறாள்.