மூலைக் கூடாரம்

இன்னும் கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டாள் மார்லிஸ். அத்தனை பேர் முன்னால் நின்று பேச வேண்டும் என்றாலே அவளுக்குப் பயம்.

கனடாவின் வின்னிபெக் நகரப் பள்ளி ஒன்றின் மூன்றாம் வகுப்பறை மூலையில் இருந்தது அவள் ஒளிந்திருந்த அந்தத் துணிக் கூடாரம். சத்தமும் கூட்டமும் தாங்காத பிள்ளைகள் அதற்குள் போய் உட்காரலாம். உள்ளிருந்து சிவப்பு அட்டையை நீட்டினால் யாரும் தொந்தரவு செய்யக் கூடாது.

மற்ற பிள்ளைகள் விளையாடப் போயிருந்தார்கள். சோரன் மட்டும் திரும்பி வந்தான்.

“யாரு உள்ள? அது என் இடம்!” என்றவன், உடனே திருத்திக்கொண்டான். “சரி, யாருன்னு கேக்கக் கூடாது. பயமா இருக்கா?”

“ம்.”

திரைக்கு அடியில் அவனுடைய ஹெட்போன் நகர்ந்து வந்தது. “இதை மாட்டினா ஒரு சத்தமும் கேக்காது. நல்லா உக்காந்துக்கோ. நாளைக்கு இந்தக் கூடாரமே இருக்காது. வீண் செல்லமாம், பிரின்சிபல் எடுக்கச் சொல்லிட்டாங்க. அவங்களுக்குப் பயமே வராதுபோல.”

ஹெட்போன் மெல்ல உள்ளே இழுக்கப்பட்டது.

அப்போது பள்ளி ஊழியர் டுஃப்ரேன் தள்ளுவண்டியோடு வந்தார். திரையை விலக்கியவர் திகைத்து நின்றார்.

“பிரின்சிபல் மேடம், நீங்களா! ஹால் நிறைய பேரன்ட்ஸ் உங்க பேச்சுக்குக் காத்திருக்காங்க. கொஞ்சம் எந்திரிங்க, நீங்க சொன்னபடி இதைக் கழட்டிடறேன்.”

மார்லிஸ் சோரனின் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, சிவப்பு அட்டையை நீட்டினாள்.