ஷூவோடு

பிப்ரவரி 8, சனிக்கிழமை, காலை 10.20. பள்ளி மைதானத்தில் அப்பாக்களுக்கான நூறு மீட்டர் ஓட்டத்துக்கு ஏழு பேர் வரிசையில் நின்றார்கள்.

நான்காவதாக நின்றவர் ஷூ விமர்சகர். பழைய மாடல் கூடைப்பந்து ஷூக்களுக்கு இணையத்தில் மதிப்பெண் போடுபவர். அழகு, வசதி, கொடுத்த விலைக்குத் தகுமா என்று மூன்று கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து.

அன்று அவர் காலில் இருந்தது நாற்பது வருடத்துக்கு முந்தைய மாடலின் புது வார்ப்பு. வெள்ளைத் தோல், சிவப்புப் பட்டை, கணுக்காலை மூடும் உயரம்.

அழகுக்கு ஒன்பதரை முந்தின நாளே போட்டாயிற்று. வசதிக்கான கட்டம் மட்டும் காலி.

முன்பக்கத் தோலில் ஒரு மடிப்பு விழுந்தால் திருப்பி விற்கும்போது பாதி விலைகூடத் தேறாது. அதனால் வாசலிலிருந்து மைதானம்வரை பாதத்தை மடக்காமல் வாத்து மாதிரி நடந்து வந்திருந்தார்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் மகள். மூன்றாம் வகுப்பு. போன வருடம் அப்பா கடைசி. இந்த வருடம் முதலாவது என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

“அப்பா, இந்தத் தடவையும் மானத்த வாங்கிடாதப்பா!”

நடுவரான தமிழாசிரியர் விசிலை வாயில் வைத்தார்.

ஓடினால் மடிப்பு நிச்சயம். ஓடாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது.

அவர் சட்டென்று குனிந்து இரண்டு ஷூவையும் கழற்றினார். கைக்குழந்தைபோல் மார்போடு அணைத்துக்கொண்டார்.

மைதானத்தில் புதுச் சரளை கொட்டியிருந்தார்கள். அவர் கால் தரையில் பாவவே இல்லை. முதலாவதாக வந்தார்.

இரண்டாவதாக வந்த பேங்க் மேனேஜர் மூச்சிரைக்கச் சண்டைக்கு வந்தார்.

“இது செல்லாது சார். ஷூவோட ஓடணும்னு நீங்கதான எழுதி அனுப்பினீங்க?”

தமிழாசிரியர் சட்டைப்பையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்து இரண்டு முறை படித்தார். ‘தரை கரடுமுரடாக இருப்பதால் பெற்றோர் ஷூவோடு ஓட வேண்டும்.’ அவரே எழுதியது. இருபத்திரண்டு வருடமாக இலக்கணம் நடத்துபவர். தன் வாக்கியத்தில் ஓட்டை என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

“ஷூவோடு. மூணாம் வேற்றுமை. கூட இருந்தா போதும் சார். இருந்துச்சே!”

கோப்பையை மகள் வாங்கிக்கொண்டாள்.

பிற்பகல் விமர்சனம் வெளியானது.

‘இந்த ஷூவோடு சரளைத் தரையில் நூறு மீட்டர் ஓடி முதலாவதாக வந்தேன். எங்கும் கடிக்கவில்லை. ஒரு மடிப்புகூட விழவில்லை. வசதி: பத்துக்குப் பத்து.’

அதை அவர் தட்டச்சு செய்தது மருத்துவமனை பெஞ்சில். இடது பாதத்தில் நான்கு தையல், வலதில் இரண்டு.

மூன்று வாரத்துக்கு எந்த ஷூவும் போடக் கூடாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார்.