புதன்கிழமை மூன்று மணிக்கு

"காப்பீட்டு அட்டை?"

கிளினிக்கின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த ஹெல்விக் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

"இன்னும் வரலைங்க," என்றாள் மனானா. "விண்ணப்பம் குடுத்து ஏழு வாரமாச்சு. என் வீட்டுக்காரருக்குக் கால்ல புண்ணு. டாக்டர் ஒரு தடவ பாத்தாப் போதும்."

பக்கத்தில் ஓட்டர் இடது காலை ஊன்றாமல் நின்றிருந்தான். சர்க்கரை வியாதிக்காரன். மாத்திரை தீர்ந்து ஒரு மாதமாகிறது.

ஜார்ஜியா நாட்டிலிருந்து ஜெர்மனிக்குக் கிரேன் ஓட்ட வந்தவன். அழைத்து வந்த கம்பெனி மூடியதும் அதோடு மருத்துவக் காப்பீடும் போயிற்று. புதுக் காப்பீட்டு அலுவலகத்தில் ஊரிலிருந்து ஒரு சான்றிதழ் கேட்டார்கள். அது வந்ததும் இன்னொன்று கேட்டார்கள். இங்கே அட்டை கைக்கு வரும்வரை உடம்புக்கு ஒன்றும் வரக் கூடாது. வியாதிக்கு அது எங்கே தெரிகிறது?

"அட்டை இல்லாம மெஷின்ல பேர் ஏறாது. பேர் ஏறாம டாக்டர் பாக்க மாட்டார்."

"ஆளே எதிர்ல நிக்கிறாரே! பேர நான் சொல்றேன், எழுதிக்குங்க."

வரிசையில் பின்னால் நின்ற பெரியவர் செருமினார். "எல்லாருக்கும் ஒரே சட்டம்தாம்மா. நேரமாகுது."

ஹெல்விக் அவரை ஒரு பார்வை பார்த்தாள். எட்டி ஓட்டரின் காலையும் பார்த்தாள். பிறகு வெடுக்கென்று, "புதன்கிழமை மூணு மணிக்கு வாங்க. முற்றத்துப் பக்கமா வாங்க. இப்பக் கிளம்புங்க," என்றாள்.

"அடுத்தது யாரு?"

வாசலுக்கு வந்த மனானா அங்கிருந்த பலகையைப் படித்தாள். கிழமையும் மணியும் படிக்கிற அளவுக்கு அவளுக்கு ஜெர்மன் வரும். புதன், காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை. பிற்பகல் விடுமுறை.

"பாத்தியா! மூடியிருக்கிற நேரமாப் பாத்து வரச் சொல்லியிருக்கா. அதுவும் முற்றத்துப் பக்கமா! குப்பைத்தொட்டி வெச்சிருக்கிற வழி அது. நம்மள என்னன்னு நெனச்சா அவ?"

"சொன்னாங்கல்ல, ஒரு எட்டு போய்ப் பாக்கலாமே," என்றான் ஓட்டர்.

"உனக்கு ரோஷமே கிடையாதா?"

ஓட்டர் நொண்டிக்கொண்டே அவள் பின்னால் நடந்தான். முப்பது வருடக் குடித்தனத்தில் அவன் கற்றுக்கொண்டது அதுதான்.

மனானா வெந்நீரில் உப்புப் போட்டுப் புண்ணைக் கழுவினாள். கடையில் கிடைத்த களிம்பைத் தடவினாள். அந்தப் புதன் போயிற்று.

அடுத்த புதன்கிழமை இரண்டரை மணிக்கு ஓட்டர் மெல்ல ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க கிளம்பிட்ட?"

"சும்மாதான்."

"அவகிட்ட போய்க் கையேந்தி நிக்கப் போறியா? கழட்டு."

கழற்றினான்.

மறுநாள் காலையில் காய்ச்சல் தூக்கிப் போட்டது. ஆம்புலன்ஸ் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் யாரும் அட்டை கேட்கவில்லை, நேராக உள்ளே கொண்டுபோனார்கள்.

"ஒரு வாரம் முன்னாடி யாராவது பாத்திருந்தா காலக் காப்பாத்தியிருக்கலாம்," என்றார் அறுவை செய்த மருத்துவர்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் தபாலில் அட்டை வந்தது. அதில் இருந்த படத்தில் ஓட்டர் சிரித்துக்கொண்டிருந்தான். மனானா அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

ஓட்டரின் துணிமணிகளை ஆஸ்பத்திரியில் ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இரண்டு ஷூவும் அதில் இருந்தன. நாலைந்து நாள் கழித்து ஒரு மதியம், இடது ஷூவை மட்டும் எடுத்துக்கொண்டு மனானா டிராம் ஏறினாள்.

அத்தனை பேர் முன்னால் அதை அந்த ஹெல்விக்கின் மேசைமேல் வைக்க வேண்டும். "இந்தா, இதுக்கு அட்டை வேண்டாம்ல?" என்று கேட்க வேண்டும். வழியெல்லாம் ஜெர்மனில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கிளினிக் கதவு பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்ததில் கிழமை மறந்துபோயிருந்தது. இன்று புதன். மணி மூன்றேகால்.

அவ்வளவு தூரம் வந்துவிட்டுச் சும்மா திரும்ப மனம் வரவில்லை. உள்ளே யாராவது இருப்பார்கள் என்று கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

குப்பைத்தொட்டிகளைத் தாண்டி ஒரு பின்கதவு. மூடிவிடாமல் இருக்கப் பூந்தொட்டியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தி, கையில் கட்டுப் போட்ட பெயிண்டர் ஒருவன், இருமிக்கொண்டு ஒரு கிழவர். உள்ளே டாக்டர் யாருடைய நெஞ்சிலோ குழாய் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷினும் இல்லை, அட்டையும் இல்லை.

பழைய ஸ்வெட்டரோடு டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த ஹெல்விக் நிமிர்ந்தாள். ஃபிளாஸ்க்கை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"வந்துட்டீங்களா! டாக்டர், நான் சொன்னேன்ல? அந்தக் கால்புண்ணுக்காரர் வந்துட்டாரு!"

மனானா ஷூவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு அத்தன பேருக்கு முன்னால எப்படிம்மா சொல்றது? அட்டை இல்லாதவங்கள இங்க பாக்கறோம்னு யாராவது புகார் குடுத்தா இதையும் மூடிடுவாங்க. போன ரெண்டு புதனும் ஆறு மணி வரைக்கும் டாக்டர நான் வீட்டுக்கு விடல. மெதுவாத்தான் நடப்பாரு, இன்னும் கொஞ்சம் பாக்கலாம்னு சொல்லிச் சொல்லி உக்கார வெச்சேன்."

ஹெல்விக் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"எங்க அவரு? தெருவுலயே நிக்கிறாரா? கூட்டிட்டு வாங்க. இந்த ரெண்டு படி ஏறினா அவரு காலு வலிக்குமேன்னு, பாருங்க, நாற்காலியக் கீழயே போட்டு வெச்சிருக்கேன்."