சாம்சன் உக்கார மாட்டேங்குறான்

ஜோதி, அப்பா கையக் கடிச்சுட்டான்டி. எங்க நாயி சாம்சன்தான். பொழுது சாயுறப்ப பின்வாசக் கதவுகிட்ட இருந்து காலரப் பிடிச்சு இழுத்தாக, ஒரே கவ்வு. அம்மா கொழாயத் தொறந்துவிட்டு சோப்பப் போட்டுக் கழுவுது, நான் அவன் கழுத்தக் கட்டிக்கிட்டு "உக்காரு, உக்காரு"ன்னு கத்துறேன். என்னையத் திரும்பிக்கூடப் பாக்கல.

அக்கா பிரசவத்துக்கு நாங்க ஓசூர் போயி ஒரு மாசம் இருந்துட்டு வந்தோம்ல, அதுல இருந்து இப்படித்தான். ஒன்றரை வயசு ராஜபாளையம், எந்திரிச்சு நின்னா என் ஒசரம். முன்னாடியெல்லாம் உக்காருன்னா உக்காருவான். இப்ப ஹாலுலயே ஒன்னுக்குப் போறான், சோபாவப் பிச்சுட்டான், சாயங்காலமானா பின்வாசல விட்டு நகர மாட்டேங்குறான்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா அடிக்கவே கூடாதுன்னு சொன்னாக. "விட்டுட்டுப் போனா வளர்ற நாய் படிச்சத விட்டுரும்மா. குட்டிக்குச் சொல்லிக் குடுக்குற மாதிரி மொதல்ல இருந்து ஆரம்பி. வேளைக்குச் சோறு, வேளைக்கு நடை. எல்லாரும் ஒரே வார்த்தையச் சொல்லுங்க, ஆளுக்கு ஒன்னு சொன்னா அதுக்குக் கொழம்பிரும்." நானும் பிஸ்கட்டும் கையுமாத் திரிஞ்சேன்டி. கேக்கல.

அப்பா பெரியாஸ்பத்திரில ஊசி போட்டுட்டு வர்றப்பவே ஜீப்பு ஓட்டுற காமராஜ் அண்ணனக் கூட்டிட்டு வந்துட்டாக. விடிஞ்சா கேரளாவுல ஏலக்கா எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்பு. அதுலயே சாம்சனையும் ஏத்திவிட்டுர்றதாம்.

"அங்கன சங்கிலியிலயே கெடந்து செத்துருவான்ப்பா."

"இங்கன நாளைக்கு ஒன் மூஞ்சியக் கடிச்சா நான் என்ன ஆத்தா செய்ய?"

காமராஜ் அண்ணன் வாசல்ல கால வச்சதுமே சாம்சன் பாஞ்சான். அவரு அசரல. எஸ்டேட் நாயிககிட்டப் பேசுற பழக்கத்துல வெரல நீட்டி, "இரிடா"ன்னாரு.

பொத்துன்னு உக்காந்தான்.

"கிடக்கு"ன்னாரு. படுத்துட்டான், தலைய முன்னங்கால் மேல வச்சு, அம்புட்டு ஒழுக்கமா.

"எண்ணே, ஒங்க நாயி மலையாளத்துல பாஸாயிருச்சுண்ணே. நீங்க தமிழ்ல கத்துனா அதுக்கு எப்படிப் புரியும்?" காமராஜ் அண்ணன் சொன்னதும் அம்மாவே சிரிச்சிருச்சு. எனக்குப் போன உசுரு வந்துச்சு. இவன் எதையும் மறக்கல, வார்த்தைதான் மாறிப்போச்சு. அப்ப அனுப்ப வேணாம்ல?

"ஈஸ்வரபாண்டி அண்ணன் வேலையாத்தான் இருக்கும். குமுளிப் பக்கம் கெடந்த ஆளு"ன்னுச்சு அம்மா. பக்கத்துத் தெரு ஈஸ்வரபாண்டி மாமாகிட்டத்தான் நாய்க்குச் சோறு வைக்கச் சொல்லிட்டுப் போனோம். போன் போட்டப்பல்லாம் "ஜம்முனு இருக்கான்"ன்னுதான் சொன்னாரு. நாங்க வர்றதுக்குள்ள அவக மகன் வீட்டுக்குத் திருப்பூர் போயிட்டாக. ஒரு மாசம் பூட்டிக் கெடந்த வீட்ல தூசியே இல்லையேன்னு, மாமா சம்சாரத்துக்கு ஒரு சேலை எடுத்துக் குடுக்கணும்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்துச்சு.

அப்பா கட்டுப் போட்ட கையோட போன ஸ்பீக்கர்ல போட்டாக.

"மாமா, நாய்க்கு மலையாளம் சொல்லிக் குடுத்துட்டு நீங்க பாட்டுக்குத் திருப்பூர் போயிட்டீகளே."

"நானா? நான் எங்க மாப்ள உள்ள வந்தேன்? மொத நாளு தூக்குவாளியோட வந்தேன். ஜன்னல் வழியாவே சொல்லிட்டாக, நான் பாத்துக்கிறேன், நீங்க அலையாதீகன்னு. சாயங்காலம் பின்வாசல் வழியா நாயக் கூட்டிட்டுப் போறதத்தான் தெனம் பாத்தேனே."

"யாரு சொன்னது?"

"ஒங்க அண்ணன்."

அப்பாவுக்குக் கூடப் பொறந்தவக யாருமே இல்ல ஜோதி.

வீட்ல ஒன்னும் காணாமப் போகல. பூட்டு ஒடையல. காலைல ஸ்டேஷனுக்குப் போவோம்னு அப்பா சொன்னாக. காமராஜ் அண்ணன அம்மாவே அனுப்பி வச்சிருச்சு, "நாயி இருக்கட்டும், வீட்டுக்குக் காவல் வேணும்"ன்னு. நான் ஆசப்பட்டதுதான்.

இப்ப அப்பா பின்வாசலுக்குக் குறுக்க கட்டிலப் போட்டுப் படுத்துருக்காக, கண்ண மூடல. சாம்சன் என் காலடில படுத்துக்கிட்டு அந்தக் கதவையே பாக்குறான். வாலு மட்டும் லேசா ஆடுது.

அந்த ஆளு திரும்பி வந்தா, இவன் யாரப் பாத்துடி குலைப்பான்?