ஆளுக்குப் பிறகு வரும் சொல்

நாம் நல்ல ஆள், கெட்ட ஆள் என்போம். குணம் முந்தி, ஆள் பிந்தி. எங்களைப் பிடித்துவைத்தவன் பாஷையில் ஆள்தான் முந்தி. சிப்பாய் ஒவ்வொருத்தனாகக் கைகாட்டி "ஆள்" என்பான், நிறுத்துவான், பிறகுதான் குணத்தைச் சொல்வான். நல்லவன் வீட்டுக்குப் போகிற லாரிக்கு. கெட்டவன் சுவருக்குப் பின்னால். வெடிச் சத்தம் கேட்கும். என் மச்சினன் மாசானம், "ஆள்" என்றதுமே பேச்சு முடிந்ததென்று லாரியைப் பார்த்து நடந்துவிட்டான்.

"நில்லு மாப்ள, அவன் இன்னும் சொல்லி முடிக்கல!"

முதுகில் சுட்டார்கள். விழுந்தவனைப் பார்த்து, "நல்ல" என்று முடித்துவிட்டுச் சிப்பாய் சிரித்தான். அடுத்து என்னைக் கைகாட்டினான்.

"ஆள்."

அந்நேரம் பார்த்து அவனுக்கு டீ வந்தது. சூடு போலிருக்கிறது, ஊதி ஊதிக் குடிக்கிறான்.