சர்க்கரை ஒத்திகை

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், ஒரு தேவாலயத்தின் நிலவறையில், மடக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஓட்டல் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளையருக்கு மட்டுமேயான நிஜ ஓட்டலில் நாளை போய் உட்கார்ந்து போராடப்போகும் கறுப்பினப் பெண் வெர்லீன், யார் என்ன செய்தாலும் அசையாதிருக்கப் பழகுகிறாள். வம்பிழுக்கும் வெள்ளைக்காரனாக நடிக்கும் முறை இப்போது அவள் அம்மா ஒடெஸாவுக்கு. காலையில் சுருள் போகச் சூட்டுச் சீப்பால் தானே நீவிவிட்ட மகளின் தலைமுடியில் சர்க்கரையைக் கொட்டுகிறாள். ஜன்னல் வெயிலில் அது மினுங்குகிறது. கொட்டிய கையே பதறிப்போய்த் தட்டிவிடுகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். "நாளைக்குக் கொட்டுறவன் தட்டியா விடுவான்? திட்டிக்கிட்டே கொட்டும்மா," என்கிறாள் வெர்லீன். "என் வாயால எப்படிடி..." "அங்க கேட்டு அழுதுடக் கூடாதும்மா. இங்கயே பழகிக்கிறேன், சொல்லு." கறுப்பர்களை இழிவுபடுத்த வெள்ளையர் சொல்லும் அந்தச் சொல்லை அம்மா சொல்கிறாள். சர்க்கரை கொட்டுகிறது. அவளுடைய இடது கை மட்டும் மகளின் கண்களைப் பொத்தியிருக்கிறது.